ஏர் ஃப்ரையரில் லிக்யூர் சாக்லேட் பிரவுனி: மணம் பறந்துவிடாமல் சுடுவது எப்படி?

லிக்யூர் சேர்த்துப் பிரவுனி செய்தவர்கள் அடிக்கடி சொல்லும் குறை ஒன்று உண்டு. மாவைக் கலக்கும்போது சமையலறை முழுக்க மணக்கிறது; வெந்தபின் ஒரு துண்டை வாயில் போட்டால் வெறும் சாக்லேட் ருசிதான் தெரிகிறது. பாட்டிலில் இருந்த ஆரஞ்சு மணமும் காபி மணமும் எங்கே போயின என்று தேட வேண்டியிருக்கிறது. ஏர் ஃப்ரையரில் சுட்டால் இந்தக் குறை இன்னும் கூடும். நானும் முதல் இரண்டு முறை இதில்தான் மாட்டிக்கொண்டேன். மணம் போதவில்லை என்று இரண்டாம் முறை 60 மி.லி. லிக்யூரை மாவிலேயே ஊற்றினேன். நடுப்பகுதி வேகாமல் சேறுபோல நின்றது, மணமும் கூடவில்லை.

மூன்றாம் முறை அளவைக் குறைத்து, அதையும் இரண்டாகப் பிரித்தேன். கொஞ்சம் மாவில், மீதி பிரவுனி வெளியே வந்த சூட்டில். அன்றைக்கு வந்த மணத்துக்கும் அதற்கு முன் செய்ததற்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான் போகிறது: லிக்யூரை எப்போது சேர்ப்பது, ஏர் ஃப்ரையரின் காற்றிலிருந்து அதை எப்படிக் காப்பாற்றுவது.

எந்த லிக்யூர்?

லிக்கர் வேறு, லிக்யூர் வேறு. லிக்கர் என்றால் பொதுவாகக் காய்ச்சி வடித்த மது வகைகள் எல்லாம். லிக்யூர் என்பது அப்படிப்பட்ட மதுவில் சர்க்கரையும் பழம், கொட்டை, காபி, மூலிகை போன்ற ஏதோ ஒரு மணமும் சேர்த்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி அதில் குறைந்தது 15 சதவீதம் ஆல்கஹால் இருக்க வேண்டும். ஒருசில வகைகளைத் தவிர மற்றவற்றில் லிட்டருக்குக் குறைந்தது 100 கிராம் சர்க்கரையும் இருக்க வேண்டும். பல பாட்டில்களில் சர்க்கரை இதைவிடவும் அதிகம். ஆகவே ஒரு மூடி லிக்யூர் ஊற்றினால் மணம் மட்டும் உள்ளே போவதில்லை. சர்க்கரையும் தண்ணீரும் சேர்ந்தே போகின்றன. நான் அன்றைக்கு ஊற்றிய 60 மி.லி. மாவின் பதத்தையே மாற்றிவிட்டது இதனால்தான்.

சாக்லேட்டோடு மிக எளிதாக ஒட்டிப்போவது காபி லிக்யூர். கலூவா, தியா மரியா இரண்டும் இந்த வகை. சாக்லேட்டின் வறுத்த வாசனையும் காபியின் வறுத்த வாசனையும் ஒன்றுக்கொன்று கைகொடுக்கும். முதல்முறை செய்கிறவர்கள் இதிலிருந்து தொடங்குங்கள்.

எனக்கு மிகப் பிடித்தது ஆரஞ்சு. குவாந்த்ரோ, கிராண்ட் மார்னியே இரண்டிலும் ஆல்கஹால் 40 சதவீதம். அதனால் குறைவாக ஊற்றினாலே மணம் தூக்கலாக நிற்கும். கூடவே ஒரு ஆரஞ்சின் தோலைத் துருவிப் போட்டால், காற்றில் போகிற மணத்தில் பாதியையாவது அந்தத் தோலில் இருக்கும் எண்ணெய் ஈடுகட்டிவிடும்.

பாதாம் வாசனை தரும் அமரெட்டோ, ஹேசல்நட் வாசனை தரும் ஃப்ராஞ்செலிகோ, ராஸ்பெர்ரி வாசனையுள்ள ஷாம்போர் எல்லாமே நன்றாக வரும். புதினா லிக்யூரை மட்டும் பாதி அளவு போடுங்கள். கொஞ்சம் கூடினாலும் பல் துலக்கியது போன்ற உணர்வு வந்துவிடும். பெய்லிஸ் போன்ற க்ரீம் லிக்யூரில் ஆல்கஹால் 17 சதவீதம்தான், பால் கொழுப்பும் இருக்கிறது. அதை மேலே தடவினால் உள்ளே இறங்காமல் பிசுபிசுப்பாக நின்றுவிடும். அதற்கு வேறு வழி இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

ரம், விஸ்கி, பிராந்தி மூன்றும் லிக்யூர் அல்ல, அவற்றில் இனிப்புக் கிடையாது. ஆனாலும் இதே முறையில் பயன்படுத்தலாம். சர்க்கரையை மட்டும் 10 கிராம் கூட்டிக்கொள்ளுங்கள்.

சூட்டில் ஆல்கஹால் எல்லாம் போய்விடுமா?

போகாது. இதை நம்பித்தான் பலர் எல்லோருக்கும் பரிமாறுகிறார்கள். ஆல்கஹால் 78 டிகிரியில் கொதிக்கும் என்பது உண்மைதான். ஆனால் மாவில் அது தண்ணீரோடும் சர்க்கரையோடும் கொழுப்போடும் கலந்து கிடக்கிறது. அமெரிக்க வேளாண்மைத் துறையின் அட்டவணைப்படி, மாவில் கலந்து 15 நிமிடம் சுட்ட பண்டத்தில் ஊற்றிய ஆல்கஹாலில் சுமார் 40 சதவீதம் மிச்சம் இருக்கும். 30 நிமிடம் சுட்டாலும் 35 சதவீதம் இருக்கும். நாம் செய்யப்போகும் பிரவுனியில் சுட்டபின் மேலே தடவும் லிக்யூர் சூட்டையே அதிகம் பார்ப்பதில்லை. ஆகவே அதிலுள்ள ஆல்கஹால் பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

எனவே குழந்தைகள், கர்ப்பிணிகள், மதுவை விட்டவர்கள், மத நம்பிக்கையால் தொடாதவர்கள், மெட்ரோனிடசோல் அல்லது டைசல்ஃபிரம் போன்ற மருந்து எடுப்பவர்கள், இவர்கள் யாருக்கும் இந்தப் பிரவுனி வேண்டாம். விருந்தில் வைக்கும்போது தட்டின் பக்கத்தில் ஒரு சீட்டு எழுதி வையுங்கள். மதுவை விட்டவர் தெரியாமல் ஒரு துண்டு தின்றுவிட்டால் அது சின்ன விஷயம் இல்லை.

மது இல்லாமல் இதே மணம் வேண்டுமென்றால் அதற்கும் வழி உண்டு. காபி லிக்யூருக்குப் பதில் கெட்டியான கருப்புக் காபியில் சர்க்கரை கரைத்த பாகு. ஆரஞ்சு லிக்யூருக்குப் பதில் ஆரஞ்சுச் சாற்றைப் பாதியாகச் சுண்டவைத்து, துருவிய தோலும் சேர்த்தது. கடையில் கிடைக்கும் வெனிலா, பாதாம் எசென்ஸ்களில் பலவற்றிலும் ஆல்கஹால் உண்டு. மதுவே கூடாது என்பவர்களுக்குச் செய்யும்போது பாட்டிலின் பின்புறம் எழுதியிருப்பதைப் படித்துவிடுங்கள்.

ஏர் ஃப்ரையர் என்ன செய்கிறது?

ஏர் ஃப்ரையர் என்றாலும் எண்ணெயும் பொரிப்பும் அதில் இல்லை. சின்ன அறைக்குள் மேலே ஒரு சூட்டுக்கம்பிச் சுருள், அதற்குமேல் ஒரு விசிறி, அவ்வளவுதான். சூடான காற்று மேலிருந்து வேகமாக இறங்கி, பாத்திரத்தின் பக்கவாட்டில் சுழன்று மறுபடி மேலே போகிறது. உருளைக்கிழங்குக்கு இது பெரிய வரம். பிரவுனிக்கு இதில் மூன்று தொல்லைகள்.

முதல் தொல்லை, சூடும் காற்றும் மேலிருந்து வருவதால் உள்ளே வேகுமுன் மேற்புறம் காய்ந்து ஓடாகிவிடும். அடுத்தது, மாவு தளர்வாக இருந்தால் காற்று அதை ஒரு பக்கமாகத் தள்ளிவிடும்; வெந்த பிரவுனி ஒரு ஓரம் உயர்ந்து சாய்ந்து நிற்கும். மூன்றாவதுதான் நமக்கு முக்கியம். ஓடிக்கொண்டே இருக்கும் காற்று, மாவிலிருந்து எழும் ஆவியை உடனுக்குடன் அள்ளிக்கொண்டு பின்புற ஓட்டை வழியாக வெளியே தள்ளுகிறது. லிக்யூரின் மணமும் ஆவியோடு போகிற பொருள்தான். சுடும்போது சமையலறை மணக்க மணக்க, பிரவுனிக்குள் இருக்கும் மணம் குறைந்துகொண்டே வருகிறது என்று அர்த்தம்.

மூன்றுக்கும் மருந்து ஒன்றே: முதல் முக்கால் பங்கு நேரம் பாத்திரத்தை அலுமினியத் தாளால் இறுக்கி மூடிவிடுவது. காற்று நேராகப் படாது, ஓடு பிடிக்காது, மாவு சாயாது, ஆவியும் சட்டென்று பறக்காது. கூடவே சூட்டையும் குறைக்க வேண்டும். சாதாரண அவனில் 175 முதல் 180 டிகிரி சொல்லும் பிரவுனிக்கு ஏர் ஃப்ரையரில் 155 டிகிரி போதும்.

எந்திரத்தில் காட்டும் எண்ணை அப்படியே நம்பிவிடாதீர்கள். உள்ளே இருக்கும் உண்மையான சூடு அதைவிடப் பத்து, இருபது டிகிரி கூடவோ குறையவோ இருக்கலாம். அவனுக்குள் வைக்கும் சின்ன வெப்பமானி இருந்தால் ஒருமுறை வைத்துப் பாருங்கள். கூடை இழுக்கும் வகையாக இல்லாமல் கதவு திறக்கும் பெரிய வகையாக இருந்தால், கீழ்த்தட்டில் வையுங்கள். 'பேக்' என்று தனிப் பொத்தான் இருந்தால் அதையே அழுத்துங்கள்.

பாத்திரமும் தாளும்

15 செ.மீ. சதுரமான, 5 செ.மீ. உயரமுள்ள அலுமினிய டின் இதற்கு அளவானது. வட்டமாக இருந்தால் 17 செ.மீ. போதும். கூடைக்குள் வைத்தால் சுற்றிலும் ஒரு விரல் அகலமாவது இடைவெளி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் காற்று கீழே இறங்காமல் அடிப்புறம் வேகாது. கண்ணாடிப் பாத்திரம் சூடேற நேரமாகும், பிறகு சூட்டை விடாமல் பிடித்துக்கொண்டு ஓரத்தைக் காயவைத்துவிடும். சிலிகானிலும் அடிப்புறம் மெதுவாகத்தான் வேகும். டின்னே நல்லது.

உள்ளே பட்டர் பேப்பர் விரிக்கும்போது ஒரு எச்சரிக்கை. எடுப்பதற்கு வசதியாக இருக்கட்டும் என்று ஒருமுறை இரண்டு பக்கமும் தாளை நீட்டிவிட்டிருந்தேன். விசிறி ஓடத் தொடங்கியதும் ஒரு முனை எழும்பிக் கம்பிச் சுருளில் உரசி, கருகும் நாற்றம் வந்தபிறகுதான் பார்த்தேன். தாளை டின்னின் விளிம்போடு வெட்டிவிடுங்கள். மேலே போடும் அலுமினியத் தாளையும் விளிம்புக்குக் கீழே நன்றாக மடித்து அழுத்துங்கள். தளர்வாக விட்டால் அதுவும் எழும்பும். காலி எந்திரத்தை முன்சூடு பண்ணும்போது உள்ளே தாள் எதையும் வைக்கவே கூடாது.

தேவையானவை

ஒன்பது துண்டுகளுக்கு:

- 55 முதல் 65 சதவீத டார்க் சாக்லேட் 110 கிராம்
- உப்பில்லாத வெண்ணெய் 80 கிராம்
- நைஸான சர்க்கரை 115 கிராம்
- பெரிய முட்டை 1, கூடுதலாக ஒரு மஞ்சள் கரு
- மைதா 50 கிராம்
- இனிப்பில்லாத கோகோ தூள் 15 கிராம்
- உப்பு கால் டீஸ்பூன்
- இன்ஸ்டன்ட் காபித் தூள் அரை டீஸ்பூன்
- லிக்யூர் 35 மி.லி. (20 மாவுக்கு, 15 மேலே தடவ)

பேக்கிங் பவுடர் வேண்டாம், அது பிரவுனியைக் கேக்காக மாற்றிவிடும். சர்க்கரை வழக்கத்தைவிட 10 கிராம் குறைத்துத்தான் போட்டிருக்கிறேன், லிக்யூரில் வரும் இனிப்புக்காக. எல்லாவற்றையும் தராசில் நிறுத்துக்கொள்ளுங்கள். இவ்வளவு சின்ன அளவில் மைதா ஒரு ஸ்பூன் கூடினாலே பதம் மாறிவிடும். முட்டையும் லிக்யூரும் அறை வெப்பத்தில் இருக்கட்டும். ஃபிரிட்ஜிலிருந்து நேராக எடுத்த லிக்யூரை ஊற்றினால் சாக்லேட் திப்பி திப்பியாகிவிடும்.

மாவு தயாரித்தல்

சாக்லேட்டை நறுக்கி வெண்ணெயோடு ஒரு கிண்ணத்தில் போடுங்கள். ஒரு பாத்திரத்தில் இரண்டு விரல் தண்ணீர் வைத்துச் சூடாக்கி, கிண்ணத்தின் அடி தண்ணீரில் படாதபடி அதன்மேல் வையுங்கள். முக்கால்வாசி உருகியதும் அடுப்பை அணைத்துவிடலாம், மீதி அந்தச் சூட்டிலேயே கரையும். தொட்டால் வெதுவெதுப்பாக, சுமார் 45 டிகிரியில் இருக்க வேண்டும். இதற்குமேல் சூடேற்றினால் எண்ணெய் தனியே பிரியும்.

இந்த இடத்தில் பலர் செய்யும் தவறு, உருகிய சாக்லேட்டில் லிக்யூரை நேராக ஊற்றுவது. வெண்ணெய் சேராத தனிச் சாக்லேட்டில் ஒரு ஸ்பூன் ஈரம் பட்டாலே அது இறுகிக் கட்டியாகும். சாக்லேட்டிலுள்ள சர்க்கரையும் கோகோவும் அந்தச் சிறிய ஈரத்தை உறிஞ்சி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால் வருவது இது. வெண்ணெய் இருந்தால் ஆபத்து குறைவுதான், இருந்தாலும் லிக்யூரை முட்டைக் கலவையோடு சேர்ப்பது பாதுகாப்பு.

வேறொரு கிண்ணத்தில் முட்டை, மஞ்சள் கரு, சர்க்கரை, உப்பு சேர்த்து முட்டை அடிக்கும் கைக்கம்பியால் மூன்று நிமிடம் அடியுங்கள். எலக்ட்ரிக் பீட்டரானால் ஒன்றரை நிமிடம். நிறம் வெளிறி, கொஞ்சம் தடித்து வரும். இரண்டு விரலுக்கு இடையில் ஒரு சொட்டைத் தேய்த்துப் பாருங்கள், சர்க்கரை நறநறவென்று பெரிதாக உறுத்தக்கூடாது. பிரவுனியின் மேலே காகிதம்போல மெல்லியதாய்ப் பளபளத்து வெடித்து நிற்கும் அந்தத் தோல் இங்கேதான் உருவாகிறது. கரைந்த சர்க்கரையும் அடித்த முட்டையும் சேர்ந்து மேலெழுந்து காய்ந்து கொடுப்பது அது. சர்க்கரை கரையாவிட்டால் மேற்புறம் மங்கலாகத்தான் இருக்கும். ஆனால் நுரை பொங்கும் அளவுக்கு அடித்துவிடாதீர்கள். காற்று அதிகமானால் சுடும்போது உப்பி, ஆறும்போது நடுவில் குழி விழும்.

இப்போது இந்தக் கலவையில் 20 மி.லி. லிக்யூரை ஊற்றிக் கலக்குங்கள். ஆரஞ்சுத் தோல் போடுவதானால் இதே நேரத்தில். வெதுவெதுப்பான சாக்லேட்டை மூன்று தடவையாக ஊற்றி, ஒவ்வொரு முறையும் முழுக்கச் சேரும்வரை கலக்குங்கள். பளபளப்பாக, கரண்டியிலிருந்து நாடாபோல மடிந்து விழும் பதத்தில் வரும். எங்காவது எண்ணெய் தனியே மிதப்பதுபோல் தெரிந்தால் பதற வேண்டாம். ஒரு டீஸ்பூன் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு வேகமாகச் சுழற்றினால் மறுபடி ஒன்றாகும்.

மைதா, கோகோ, காபித் தூள் மூன்றையும் சலித்து மேலே தூவி, கரண்டியால் அடியிலிருந்து புரட்டிச் சேருங்கள். வெள்ளை மறைந்ததும் நிறுத்திவிடுங்கள். அதற்குப்பிறகு கலக்கும் ஒவ்வொரு சுற்றும் பிரவுனியை இறுக்கும்.

டின்னில் ஊற்றி, மூலைகளுக்குத் தள்ளிச் சமப்படுத்துங்கள். மாவின் உயரம் சுமார் 2 செ.மீ. இருக்கும், அதைவிட உயரமாக ஊற்றக்கூடாது. ஏர் ஃப்ரையரில் தடிமனான பிரவுனியின் நடுப்பகுதி வேகும்போது ஓரம் கருகிவிடும். மாவு மீந்தால் இன்னொரு சின்ன டின்னில் ஊற்றி அடுத்த சுற்றில் சுடுங்கள்.

சுடுதல்

எந்திரத்தை 155 டிகிரியில் காலியாக 4 நிமிடம் ஓடவிடுங்கள். டின்னை அலுமினியத் தாளால் மூடி, விளிம்பைச் சுற்றி அழுத்தி, கூடையில் வைத்து 17 நிமிடம் சுடுங்கள்.

தாளை எடுக்கும்போது ஆவி முகத்தில் அடிக்கும், கொஞ்சம் தள்ளி நின்று எடுங்கள். மேற்புறம் மங்கலாக, ஈரமாக, லேசாக உப்பி இருக்கும். இது சரியான நிலைதான். டின்னைப் பாதி வட்டம் திருப்பி, மூடாமல் இன்னும் 6 நிமிடம் வையுங்கள். விசிறியின் காற்று எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி அடிப்பதில்லை. திருப்பாவிட்டால் ஒரு ஓரம் மட்டும் கறுத்துவிடும். இந்த ஆறு நிமிடத்தில்தான் மேலே மெல்லிய தோல் கட்டி, பளபளப்பு வந்து, அங்கங்கே கீறல் விடும்.

23 நிமிடத்தில் முதல் சோதனை. டின்னை லேசாக அசைத்தால் ஓரம் அசையாமல், நடுப்பகுதி மட்டும் சற்றே நடுங்க வேண்டும், அலை அடிக்கக்கூடாது. ஓரத்துக்கும் நடுவுக்கும் மத்தியில் ஒரு பல்குச்சியைக் குத்தி எடுங்கள். பச்சை மாவு வழிந்தால் இன்னும் 2 நிமிடம். ஈரமான துணுக்குகள் ஒட்டி வந்தால் எடுத்துவிடலாம். குச்சி சுத்தமாக வந்தால் நேரம் கடந்துவிட்டது, பிரவுனி கேக்காகிவிட்டது. உணவு வெப்பமானி இருந்தால் நடுவில் 85 முதல் 88 டிகிரி. முட்டை பாதுகாப்பாக வெந்ததற்கு 71 டிகிரி போதும். மீதிச் சூடு பதத்துக்காக.

எடுத்தபின்னும் டின்னின் சூட்டில் உள்ளே கொஞ்சம் வெந்துகொண்டுதான் இருக்கும். சந்தேகம் வந்தால் ஒரு நிமிடம் முன்னாலேயே எடுப்பது நல்லது.

மீதி லிக்யூரைச் சேர்க்கும் நேரம்

பிரவுனியை வெளியே எடுத்துக் கம்பித் தட்டில் வையுங்கள். எந்திரத்துக்குள் இருக்கும்போது லிக்யூரைத் தடவவே கூடாது. 40 சதவீத ஆல்கஹால் உள்ள மதுவின் ஆவி அறை வெப்பத்திலேயே தீப்பிடிக்கக்கூடியது. உள்ளே சிவக்கச் சூடான கம்பிச் சுருள் ஒரு சாண் உயரத்தில் இருக்கிறது. மாவில் கலந்த 20 மி.லி. மெதுவாக ஆவியாவதால் பயமில்லை, சூடான டின்மேல் நேராக ஊற்றுவது வேறு. கேஸ் அடுப்பு எரிந்துகொண்டிருந்தாலும் அணைத்துவிட்டுச் செய்யுங்கள்.

பத்து நிமிடம் ஆறவிடுங்கள். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் ஒரு மெல்லிய குச்சியால் இரண்டு செ.மீ.க்கு ஒரு குத்தாக, பாதி ஆழம்வரை குத்துங்கள். பல்குச்சியே போதும், முள்கரண்டியால் குத்தினால் மேல்தோல் நொறுங்கிவிடும். மீதி 15 மி.லி. லிக்யூரைத் தூரிகையில் தொட்டு மூன்று தடவையாகத் தடவுங்கள். ஒரு தடவை தடவியது உள்ளே இறங்கக் கொஞ்சம் நேரம் கொடுத்து அடுத்ததைத் தடவ வேண்டும். குத்துகளின் மேல் தூரிகையை நிறுத்தி அழுத்தினால் சொட்டு உள்ளே போவது கண்ணுக்கே தெரியும். சுற்றிலும் ஒரு கறுப்பு வட்டம் விரிந்து மெல்ல மறையும். தோலின் பளபளப்பு இதனால் கொஞ்சம் குறையும். மணத்துக்காக அதை விட்டுக்கொடுக்கலாம் என்பது என் கருத்து. தோல் அப்படியே வேண்டும் என்பவர்கள் பிரவுனியைக் கவிழ்த்து, தாளை உரித்து, அடிப்புறத்தில் தடவி மறுபடி நிமிர்த்தலாம்.

பிரவுனிமேல் தடவுவது புதுப் பழக்கமும் இல்லை. சிகாகோவின் பாமர் ஹவுஸ் ஹோட்டல், 1893ஆம் ஆண்டு உலகக் கண்காட்சிக்காகத் தங்கள் சமையலறையில்தான் பிரவுனி பிறந்தது என்று சொல்லிவருகிறது. அவர்களுடைய பிரவுனியின் மேலே வால்நட்டும் ஆப்ரிகாட் பூச்சும் இருக்கும்.

க்ரீம் லிக்யூருக்கு வேறு வழி என்று சொன்னேன் அல்லவா? மாவில் 20 மி.லி. வழக்கம்போல. மேலே தடவாமல், 60 கிராம் டார்க் சாக்லேட்டை 30 மி.லி. சூடான க்ரீமில் உருக்கி, வெதுவெதுப்பாக ஆறியதும் 20 மி.லி. க்ரீம் லிக்யூரைக் கலந்து, முழுக்க ஆறிய பிரவுனிமேல் பரப்புங்கள். லிக்யூர் சூட்டையே பார்க்காததால் மணம் முழுசாக நிற்கும். இது ஒன்றுக்காகவே க்ரீம் லிக்யூர் பாட்டில் வாங்கலாம்.

ஆறவிட்டு வெட்டுதல்

இரண்டு மணி நேரம் டின்னிலேயே ஆறட்டும். சூட்டில் வெட்டினால் வேகாததுபோல் கத்தியில் ஈஷிக்கொண்டு வரும், நீங்கள் தவறாகச் சுட்டுவிட்டதாக நினைப்பீர்கள். கோகோ வெண்ணெய் சுமார் 34 டிகிரியில் உருகும் பொருள்; அதற்குக் கீழே நன்றாக இறங்கினால்தான் அது மறுபடி உறைந்து பிரவுனிக்கு உடம்பு வரும். பிறகு அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து, நீளமான கத்தியை வெந்நீரில் நனைத்துத் துடைத்து, அறுக்காமல் நேராக அழுத்தி வெட்டுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் துடைக்க வேண்டும்.

சரியாக வராவிட்டால்

மேலே ஓடுபோல் கெட்டியாகி உள்ளே பச்சையாக இருந்தால், உங்கள் எந்திரம் காட்டுவதைவிட அதிகமாகச் சூடாகிறது. அடுத்தமுறை 145 டிகிரியில், மூடிய நேரத்தை 21 நிமிடமாக்குங்கள். அன்றைய பிரவுனியைக் காப்பாற்ற, தாளை மறுபடி மூடி 140 டிகிரியில் 5 நிமிடம் வையுங்கள்.

ஆறியபின் எண்ணெய் வடிந்தால் சாக்லேட் அதிகம் சூடாகியிருக்கும், அல்லது முட்டையோடு சரியாகச் சேராமல் இருந்திருக்கும். உதிர்ந்து வறட்சியாக இருந்தால் நேரம் அதிகம். துண்டுகளில் இன்னும் கொஞ்சம் லிக்யூர் தடவி மூடிவைத்தால் மறுநாள் ஓரளவு தேறும். மதுவின் காட்டம் மட்டும் மூக்கில் ஏறி, மணம் தெரியாவிட்டால் அன்றைக்கே சாப்பிட்டிருப்பீர்கள். ஒரு இரவு பொறுத்திருங்கள்.

அந்த ஒரு இரவுக்கு நிஜமாகவே மதிப்பு உண்டு. மேலே தடவிய லிக்யூர் மெல்ல நடுவரை பரவி, காட்டம் அடங்கும். காற்றுப் புகாத டப்பாவில், துண்டுகளுக்கு நடுவே பட்டர் பேப்பர் வைத்து, அறை வெப்பத்தில் மூன்று நாள் வைக்கலாம். க்ரீம் லிக்யூர் மேற்பூச்சு போட்டது ஃபிரிட்ஜில்தான் இருக்க வேண்டும், நான்கு நாளுக்குள் முடித்துவிடுங்கள். தனித்தனியாக இறுக்கிச் சுற்றி ஃபிரீசரில் வைத்தால் மூன்று மாதம்வரை தாங்கும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததைச் சாப்பிடுமுன் ஒரு மணி நேரமாவது வெளியே வையுங்கள், ஃபிரீசர் என்றால் மூன்று மணி நேரம். குளிர்ந்த பிரவுனி வாயில் கட்டியாகவே கிடக்கும், மணம் எழாது. மூடியைத் திறந்ததும் ஆரஞ்சு வாசனை வரும்போது எடுத்துச் சாப்பிடுங்கள்.